சண்முகரத்தினம் எழுதிய பத்தொன்பது பதில்கள்

1994ஆம் ஆண்டு டிசம்பரில் என் அண்ணன் சண்முகரத்தினத்துக்கு ஒரு போட்டியில் பதினான்காம் இடம் கொடுத்தார்கள். முதலிடம் வந்தவன் எழுதியதில் பாதி 'ஹாஹா'. இதைச் சொல்லும்போதே எனக்கு உடம்பெல்லாம் பதறுகிறது. ஆகவே முதலிலிருந்தே சொல்கிறேன், இல்லாவிட்டால் நடுவில் யாருடனாவது சண்டைக்குப் போய்விடுவேன்.

அண்ணனுக்குத் திக்குவாய். பிறவியிலேயே அப்படி. அவர் ஒரு சொல்லைத் தொடங்கினால் போதும், எதிரே நிற்கிறவர் அதை முடித்துவைத்துவிடுவார். எல்லோருக்கும் அப்படி ஓர் அவசரம், அப்படி ஒரு பெருந்தன்மை. சாப்பாட்டுக் கடையில் அவர் கேட்க நினைத்ததை ஒருநாளும் சாப்பிட்டதில்லை. கடைக்காரர் எடுத்துக்கொடுத்ததைத்தான் சாப்பிட்டார். தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

கிள்ளானில் ஒரு பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் தகப்பனார் கேள்வியையும் கேட்டார், பதிலையும் அவரே சொன்னார். "என்ன வேலை? ரயில்வேயோ? நல்லது, நல்லது. பென்ஷன் இருக்குமே? இருக்கும், இருக்கும்." அரை மணி நேரம் இப்படியே ஓடியது. மறுவாரம் ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்கள், மாப்பிள்ளை வாயே திறக்கவில்லையாம், பெண்ணுக்குப் பிடிக்கவில்லையாம். திறக்க விட்டால்தானே ஐயா! அதற்குப் பிறகு அண்ணன் பெண் பார்க்கப் போகவில்லை.

வேலை ரயில் நேர அட்டவணைப் பிரிவில். முப்பத்தைந்து வருடம் ஒரே மேசை. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகளில் எதை எந்த ஸ்டேஷனில் ஒதுக்குவது, எதை முதலில் விடுவது, பின்னால் வரும் சரக்கு வண்டி எத்தனை நிமிடம் காத்திருக்கலாம், இதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பதவி உயர்வுக்கு நேர்முகத் தேர்வு உண்டு என்றால் விண்ணப்பமே போட மாட்டார். நான் கத்துவேன். அவர் பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொள்வார். குமாஸ்தாவாகப் போனவர் குமாஸ்தாவாகவே ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு பெற்றார்.

என் கணவர் காலமான பிறகு நானும் பிரிக்ஃபீல்ட்ஸில் அவர் வீட்டுக்கே வந்துவிட்டேன். நான் பள்ளிக்கூட ஆசிரியை. நாள் முழுக்கப் பேசிவிட்டு வருகிற வாய், வீட்டிலும் சும்மா இருக்காது. அவர் வாக்கியங்களை நானும்தான் முடித்துவைத்தேன். அதை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

பக்கத்து வீட்டில் வேலாயுதம் என்று ஒருவர் இருந்தார். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் டெக்னீஷியன். தன்னுடைய பழைய கணினியை அண்ணனுக்குக் கொடுத்து, அதில் 'ஏழு கணவாய்' என்ற விளையாட்டையும் போட்டுக் கொடுத்தார். மலைகளுக்கு நடுவே ஏழு வழிகள், இருபுறமும் அரசர்கள், படை நடத்தி நாடு பிடிக்க வேண்டும். நான் எட்டிப் பார்த்துவிட்டு, வயது போன காலத்தில் இது என்ன விளையாட்டு என்று சொன்னேன். ஒரு மாதத்தில் அண்ணன் அதில் தோற்பதை நிறுத்திவிட்டார்.

பிறகு வேலாயுதம், கணினியை டெலிபோன் லைனோடு இணைக்கும் மோடம் ஒன்றையும் கொண்டுவந்து மாட்டினார். அந்தக் காலத்தில் இன்டர்நெட் வீட்டுக்கு வீடு வரவில்லை. பிபிஎஸ் என்று ஒன்று இருந்தது, பையன்கள் அதைப் பலகை என்பார்கள். ராதாகிருஷ்ணன் என்ற வங்கி ஊழியர் பெட்டாலிங் ஜெயாவில் தன் அறையில் ஒரு கணினியை வைத்து, அதற்கு ஒரே ஒரு டெலிபோன் லைன் கொடுத்திருந்தார். ஊரிலுள்ள பையன்கள் மோடம் வழியாக அந்த எண்ணுக்கு அடித்து, ஒருவர் மாற்றி ஒருவர் உள்ளே போய், ஆளுக்கு நாற்பது நிமிடம், எழுதி வைத்தவற்றைப் படித்து, தங்கள் பதிலை எழுதிவிட்டு வருவார்கள். ஒருவர் உள்ளே இருந்தால் மற்றவர்களுக்கு 'எங்கேஜ்டு' சத்தம்தான். அங்கே 'ஏழு கணவாய்' பற்றிப் பேச ஒரு தனிப் பகுதி இருந்தது. வாய் வேண்டாம், விரல் போதும்.

அண்ணன் அங்கே பேசினார். ஐயோ, எப்படிப் பேசினார்! எல்லோரும் எத்தனை சிப்பாய், எத்தனை குதிரை என்று எண்ணிக்கொண்டிருந்தபோது, இவர் அரிசி வண்டியை எண்ணினார். கணவாய் என்பது ஒற்றைத் தண்டவாளம் மாதிரி, போகிற படையும் வருகிற அரிசியும் நடுவழியில் முட்டிக்கொண்டால் படை பட்டினியில் சாகும், ஆகவே வழியில் இரண்டு இடங்களில் ஒதுங்கிடம் கட்டுங்கள், அரிசியை முதலில் விடுங்கள் என்று எழுதினார். எந்த வண்டி எத்தனையாவது நாளில் எங்கே நிற்க வேண்டும் என்று அட்டவணையும் போட்டார். "புரோ, யூ ஆர் ரைட் லா" என்று ஒருவன் பதில் எழுதினான். ஐம்பத்தாறு வயதில் ஒருவன் புரோ என்கிறான். அண்ணன் அதை என்னிடம் மூன்று தடவை காட்டினார்.

அவர் எழுதும் முறையைச் சொல்ல வேண்டும், வினையெல்லாம் அதில்தான் வந்தது. காலையில் உள்ளே போய், முந்தைய நாள் எழுதப்பட்ட எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டு உடனே வெளியே வந்துவிடுவார். பிரிண்டரில் அடித்து, சிவப்புப் பென்சிலால் கோடு போட்டுப் படிப்பார். பிறகு, பன்னிரண்டு பேர் எழுதியிருந்தால் பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பதில், பத்திக்குப் பத்தி எண் போட்டு. 'பத்தி ஒன்று, உங்கள் பதினாறாம் தேதிக் குறிப்பு தொடர்பாக.' ஆபீஸில் அதுதான் நல்ல வேலை. பன்னிரண்டு கடிதத்துக்குப் பன்னிரண்டு பதில் எழுதுகிறவன் வேலை தெரியாதவன். பன்னிரண்டையும் ஒரே குறிப்பில் முடிக்கிறவன்தான் குமாஸ்தா. கடைசியில் 'சாயா யாங் மெனுருட் பெரிந்தா' என்று மலாயில் முடிப்பார். கட்டளைக்குக் கீழ்ப்படிபவன் என்று அர்த்தம், அரசாங்கக் கடிதத்தில் கையெழுத்துக்கு மேலே எழுதுவது. பையன்கள் அதைப் படித்து விழுந்து விழுந்து சிரித்தார்களாம். சிரிக்கட்டும் என்றார் அண்ணன்.

நவம்பரில் ராதாகிருஷ்ணன் ஓர் அறிவிப்புப் போட்டார். 'ஏழு கணவாய்' பகுதியில் பேச்சு சூடாக இல்லை, ஆகவே போட்டி. அந்த மாதம் கலந்துரையாடலுக்கு அதிகம் பங்களிப்பவருக்குப் புதிய மோடம் பரிசு.

அதே வாரம் வேலாயுதத்துக்குப் பினாங்குக்கு மாற்றல் வந்தது. அவர் தந்த மோடம் தொழிற்சாலையின் சாமான். வருடக் கடைசியில் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும். கணினி இருக்கும், ஆனால் அண்ணனின் வாய் அடைபட்டுவிடும்.

"நான் ஒண்டு வாங்கித் தாறன் அண்ணை," என்றேன்.

"வே… வேண்டாம் குணம். வாங்கிறது வே… வேற. இது நா… நான் சொன்னதுக்குக் கி… கி…"

"கிடைக்கவேணும், அதுதானே?" என்று நான் முடித்துவைத்தேன். ஆம் என்று தலையாட்டினார்.

அவர் அதுவரை எதையும் இப்படி ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. காலையில் ஸ்காட் ரோடு கந்தசாமி கோயிலுக்குப் போய்விட்டு வந்து ஒன்பது மணிக்கு உட்காருவார். பதினொரு மணிக்குப் பையன்கள் வகுப்பில் இருக்கும் நேரம் பார்த்து அனுப்புவார். மாதம் முழுவதும் பத்தொன்பது பதில்கள். அச்சடித்தால் அறுபத்தோரு பக்கம். எழுதி முடித்த அன்றெல்லாம் மத்தியானம் இரண்டு கை சோறு கூடச் சாப்பிட்டார்.

மாத நடுவில் வேலாயுதம் வந்து எச்சரித்தார். "அண்ணே, நீங்க எழுதுறது சூப்பர்ண்ணே. ஆனா அவங்க மெசேஜத்தான் எண்ணுறாங்க. எத்தனை தடவ போட்டீங்கன்னுதான் கணக்கு. நீங்க ஒவ்வொரு பத்தியையும் தனித்தனியா போட்டீங்கன்னா நீங்கதான் ஃபர்ஸ்ட்டு."

அண்ணன் ஒரு தாளை எடுத்து எழுதிக் காட்டினார். 'ஒரே லைன். நான் நூறு தடவை உள்ளே போனால் மற்றவர்கள் வெளியே நிற்பார்கள். ஒரு விஷயத்தை நூறு துண்டாக்கினால் படிக்கிறவனுக்கும் தலையும் புரியாது, காலும் புரியாது.' வேலாயுதம் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். நாலு பேர் ஒழுங்கீனமாக நடந்தால் தானும் நடக்கலாம் என்று அந்த மனிதருக்குக் கடைசிவரை தெரியவில்லை. எனக்கு அவர் மீதும் கோபம்தான்.

டிசம்பர் முதல் ஞாயிறு, மத்தியானம் மூன்று மணிக்கு, பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கோழி பொரியல் கடை மாடியில் பரிசளிப்பு. அண்ணன் ஆபீஸுக்குப் போகிற வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டார். நான் அறுபத்தோரு பக்கத்தையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு கூடவே போனேன். கேட்டால் எடுத்துக் காட்டலாம் என்று.

மாடியில் இருபது பேர், எல்லாரும் இருபது, இருபத்தைந்து வயதுக்காரர்கள். எங்களைப் பார்த்ததும் ராதாகிருஷ்ணன் எழுந்து வந்தார். "வாங்க அங்கிள், வாங்க ஆன்டி. யாரோட அப்பா? பையன் வந்திருக்கானா?"

அண்ணன் தன் பெயரைச் சொல்ல முயன்றார். 'ச' என்ற எழுத்து அவருக்கு எப்போதும் எமன். அவர் உதடு துடித்துக்கொண்டிருக்க, "சந்திரனா? சரவணனா? சேகரா?" என்று அந்தப் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பெயர் எடுத்துக்கொடுத்தார்கள். ஏலம் போடுகிறார்களா என்ன! கடைசியில் நான்தான் சொன்னேன், சண்முகரத்தினம் இவர்தான் என்று. பிறகு ஒருவன், "சாயா யாங் மெனுருட் பெரிந்தா!" என்று கத்தினான். எல்லோரும் கைதட்டினார்கள். அண்ணனுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

ராதாகிருஷ்ணன் பட்டியலை வாசித்தார். முதலிடம் 'பிளாக் டிராகன்', கிள்ளானிலிருந்து வந்த ஒரு கல்லூரி மாணவன், இருநூற்றுப் பன்னிரண்டு பதிவுகள். பதினான்காவது இடம் சண்முகரத்தினம், பத்தொன்பது. அந்த இருநூற்றுப் பன்னிரண்டையும் அண்ணன் அச்சடித்து வைத்திருந்தார், நான் படித்திருக்கிறேன். 'ஆமா லா.' 'ஹாஹா.' 'சேம் ஹியர்.' 'யாராவது இருக்கீங்களா?' ஒருநாள் 'மழை' என்று மட்டும் எழுதியிருந்தான். மழைக்கும் ஏழு கணவாய்க்கும் என்ன சம்பந்தம்?

அண்ணன் எழுந்து நின்றார். பேச வேண்டும் என்று கையைக் காட்டினார். இருபது பேருக்கு முன்னால் அவர் தானாக எழுந்து நின்றதை என் ஆயுளில் அன்றுதான் பார்த்தேன்.

"மி… மிஸ்டர் ரா… ரா… நா… நான் ஒ… ஒரு…"

பையன்கள் கிளாஸில் இருந்த ஐஸைப் பார்த்தார்கள். ஒருவன் செருமினான். அண்ணன் விடவில்லை, கண்ணை மூடிக்கொண்டு மறுபடி தொடங்கினார். "ஒ… ஒரு கே… கே…" பின்னாலிருந்து ஒருவன், "அங்கிள் தேங்க்ஸ் சொல்றாரு" என்று கைதட்ட ஆரம்பித்தான். மற்றவர்களும் தட்டினார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. பையை மேசைமேல் கவிழ்த்தேன். "அறுபத்தோரு பக்கம்! உங்களில் யாராவது இப்படி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்களா? ஹாஹாவுக்கு மோடம், இதற்குப் பதினான்காவது இடமா? இரவல் மோடம் இந்த மாதத்தோடு போகிறது, அது போனால் இவருக்குப் பேசவே வழி கிடையாது, தெரியுமா உங்களுக்கு?" என்று வகுப்பறைக் குரலில் கத்திவிட்டேன். கீழே கோழி பொரிக்கிறவர்களுக்கும் கேட்டிருக்கும்.

"ஆன்டி, கோவிச்சுக்காதீங்க. ரூல்ஸ் அப்படித்தான் லா. கம்ப்யூட்டர்தான் எண்ணுது, நான் எண்ணல," என்றார் ராதாகிருஷ்ணன். மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. கம்ப்யூட்டர் எண்ணுமாம்! படிக்கிறது யார்?

டிராகன் என்கிற அந்தப் பையன் எழுந்தான். மோடம் பெட்டியை மேசைமேல் அண்ணன் பக்கம் தள்ளினான். "எடுத்துக்குங்க அங்கிள். பாவம். எனக்கு வீட்டுல ஏற்கனவே ரெண்டு இருக்கு."

எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். கடைத்தெருவில் விழுந்த ஆளைப் பார்க்கிற பார்வை. அவர் பெட்டியை இரண்டு விரலால் அவன் பக்கமே தள்ளிவிட்டார். சிதறிய தாள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, பக்க எண் பார்த்து அடுக்கி, பையில் வைத்தார். அது முடியும்வரை ஒருவரும் கோழியைத் தொடவில்லை. பிறகு படியிறங்கினார்.

மினி பஸ்ஸில் நான் இன்னும் அந்தப் பையன்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். பாங்சார் தாண்டியதும் அண்ணன் என் கையைத் தட்டினார். அதன் பிறகு சொன்னதைச் சொல்லி முடிக்க அவருக்குப் பிரிக்ஃபீல்ட்ஸ் வரைக்கும் ஆயிற்று. சிக்கலை நீக்கி நான் எழுதினால் இவ்வளவுதான்: "நான் மோடம் கேக்க எழும்பேல்ல, குணம். ஆர் வாசிச்சவை எண்டு கேக்கத்தான் எழும்பினனான்."

அந்த இருபது பேர் கைதட்டி அவர் வாயை அடைத்தார்கள் என்று நான் சொல்லிக்கொண்டு திரிகிறேன். அடைத்ததில் பெரிய கை என்னுடையது. அவர்கள் அவர் கேட்டதை நன்றியாக்கினார்கள், நான் அதைப் பிச்சையாக்கினேன்.

வருடக் கடைசியில் வேலாயுதம் மோடத்தைக் கழற்றிக்கொண்டு பினாங்குக்குப் போனார். அண்ணனுக்குத் தெரியாமல் நான் ஒன்று வாங்கி வந்தேன். பெட்டியைப் பிரிக்காமல் அலமாரி மேல் ஏற்றி வைத்துவிட்டார். ஏழு கணவாயைத் தனியாக விளையாடினார். பிறகு அதையும் விட்டார்.

சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு வேலாயுதம் வந்தார். கையில் பிரிண்டரில் அடித்த ஒரு கற்றை. "அண்ணே, பலகையே உங்களப் பத்தித்தான்! எல்லாரும் உங்களத் தேடுறாங்க," என்றார். ஜனவரி மாதத்திலும் அதே போட்டியாம். அதில் யாரோ தொடங்கிய ஒரு தலைப்பு, 'அங்கிள் எங்கே?' நாற்பத்து மூன்று பதிவுகள். 'அங்கிள் எங்கே லா?' 'சேம் ஹியர், மிஸ்ஸிங் அங்கிள்.' 'கம் பேக் அங்கிள்.' 'சாயா யாங் மெனுருட் பெரிந்தா, ஹாஹா.' அதில் பதினெட்டு டிராகன் எழுதியது. அந்த மாதமும் அவனுக்குத்தான் பரிசு.

நான் கொதித்தேன். எங்கள் டெலிபோன் எண் ராதாகிருஷ்ணனிடம் இருக்கிறது. விலாசம் இருக்கிறது. பெட்டாலிங் ஜெயாவிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் என்ன கடல் கடந்த ஊரா? ஆளைத் தேடுகிறார்களாம், எங்கே தேடுகிறார்கள், எண்ணிக்கைக்குள்ளேயா? கற்றையைக் கிழித்துக் குப்பையில் போடப் போனேன். அண்ணன் கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சிவப்புப் பென்சிலை எடுத்து, முதல் பதிவிலிருந்து வரிசையாகப் படித்தார். நாற்பத்து மூன்றையும் படித்தார். முப்பத்தோராவது பதிவில் பென்சில் நின்றது. யாரோ பெயர் தெரியாத ஒருவன் எழுதியிருந்தான்: 'உண்மையைச் சொன்னால் அங்கிள் எழுதியதை நான் ஒருநாளும் முழுசாகப் படித்ததில்லை. ரொம்ப நீளம். ஆனால் அவர் இல்லாமல் என்னமோ மாதிரி இருக்கிறது.'

எனக்கு வாய்வரைக்கும் வந்தது, அவனை என்ன சொல்லித் திட்டுவது என்று. அண்ணன் அந்தப் பதிவுக்குப் பக்கத்தில் சிவப்பில் ஒரு சரி போட்டார். நிமிர்ந்து என்னைப் பார்த்துப் பேசத் தொடங்கினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வேலாயுதம் வாயெடுத்தபோது அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"இ… இ… இவன் ஒ… ஒருத்தன்தான்," என்றார் அண்ணன், "எ… எனக்குப் ப… ப… பதில் எழுதியிருக்கிறான்."